ஃப்ரைட் பில்லில் 'எமிஷன் சர்சார்ஜ்': கார்பன் குறைகிறதா, நம் காசு மட்டும்தான் குறைகிறதா?

பின்னலூர்க்காரன்:

வணக்கம். திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாகுமென்டேஷன் பார்க்கிறேன். பனியன், டி-ஷர்ட்தான் சரக்கு. எங்கள் பையர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் எஃப்.ஓ.பி., தூத்துக்குடியில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது, கப்பல் வாடகை அவர்கள் பாடு. நெதர்லாந்தில் ஒரே ஒருத்தர் மட்டும் இந்த சீசனில் சி.ஐ.எஃப். (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நாமே கட்டி அனுப்புவது) கேட்டார். அதனால் ராட்டர்டாம் வரைக்குமான ஃப்ரைட் பில் முதல்முறையாக என் மேஜைக்கு வந்தது. வாடகை, டெர்மினல் சார்ஜ், பங்க்கர் சர்சார்ஜ் (கப்பல் எண்ணெய்க்கு) எல்லாம் கேள்விப்பட்டதுதான். அதற்குக் கீழே 'எமிஷன் சர்சார்ஜ்' என்று ஒரு வரி, நாற்பதடிப் பெட்டிக்கு 60 யூரோ சொச்சம். முதலாளி பார்த்ததும் "இதென்ன புது மொய்?" என்றார். கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரைக் கேட்டால் "எல்லா லைனும் போடுறாங்க சார்" என்பதோடு சரி. ஆடிட்டர் ஆபீஸ் பையன் இதுதான் சி.பி.ஏ.எம். என்று அடித்துச் சொல்கிறான்.

காசை விடுங்கள், எனக்கே இப்போது தெரிந்துகொள்ள ஆசை. இந்த 60 யூரோவால் கடலில் ஒரு கிலோ புகையாவது குறையுமா? கப்பல்தான் இருப்பதிலேயே சிக்கனம் என்று படித்தோம், அதில் இன்னும் குறைக்க என்ன இருக்கிறது? கப்பலில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள், கூகுளில் தேடினால் வெறும் விளம்பரமாக வருகிறது.

நங்கூரம்:

சிங்கப்பூரில் சார்ட்டரிங் டெஸ்க், அதாவது கப்பலை வாடகைக்குப் பேசி முடிக்கும் வேலை. இந்தக் கணக்கோடுதான் தினமும் மல்லுக்கட்டு. முதலில் ஆடிட்டர் ஆபீஸ் தம்பியைத் திருத்திவிடுங்கள். சி.பி.ஏ.எம். என்பது இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இவற்றுக்கு ஐரோப்பிய எல்லையில் போடும் கார்பன் வரி. பனியனுக்கு அது கிடையாது. உங்கள் பில்லில் வந்தது இ.டி.எஸ்., அதாவது புகை விடுவதற்கான அனுமதிச் சீட்டைக் காசு கொடுத்து வாங்கும் சந்தை. மின்நிலையம், எஃகு ஆலைக்கெல்லாம் 2005 முதல் இருப்பது, 2024 ஜனவரியில் கப்பலுக்கும் வந்தது. 5,000 ஜி.டி.க்கு (கப்பலின் மொத்தக் கொள்ளளவைச் சொல்லும் அளவு) மேற்பட்ட கப்பல்கள் மாட்டும். 2024இல் விட்ட புகையில் 40 சதவீதத்துக்குச் சீட்டு வாங்கினால் போதும் என்றார்கள், 2025க்கு 70, 2026 முதல் முழுசாக 100. ஐரோப்பாவுக்குள்ளேயே ஓடினால் முழுப் புகையும் கணக்கு, வெளியிலிருந்து வந்தால் அந்தப் பயணத்தில் பாதி.

உங்கள் பெட்டி தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்ற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறியிருக்கும். ஃபீடர் ஓட்டம் கணக்கில் வராது. கொழும்பிலிருந்து போகும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக 15,000 பெட்டி (இருபதடிக் கணக்கில்) ஏற்றும் கப்பல், செங்கடல் பக்கம் தலை காட்டாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 30 நாள் ஓட்டம், நாளைக்கு 100 டன் எண்ணெய் என்று வையுங்கள். 3,000 டன் எண்ணெய். ஒரு டன் எண்ணெய் எரிந்தால் 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு (ஒன்று எப்படி மூன்றாகும் என்று எல்லோரும் கேட்பார்கள், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து சேருகிறது). ஆக 9,300 டன், அதில் பாதி 4,650, சீட்டு விலை டன்னுக்கு 70 யூரோ என்றால் மூன்றேகால் லட்சம் யூரோ. கப்பலில் நிஜமாகச் சரக்கு இருக்கும் பெட்டி 10,000 என்றால் இருபதடிக்கு 32 யூரோ, நாற்பதடிக்கு 65. உங்கள் லைன் போட்டிருப்பது பெரிய கொள்ளை இல்லை. ஆனால் லைனுக்கு லைன் தொகை மாறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவார்கள், அடுத்த முறை ஃபார்வர்டரிடம் நாலு லைன் ரேட் கேட்டு வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவுக்கு வெளியே பக்கத்திலேயே ஒரு துறைமுகத்தில் பெட்டியை இறக்கி ஏற்றினால் கடைசிக் குட்டி ஓட்டத்துக்கு மட்டும் காசு கட்டித் தப்பிக்கலாம் அல்லவா? அது தெரிந்தே எகிப்தின் கிழக்கு போர்ட் சையதையும் மொராக்கோவின் டான்ஜர் மெட்டையும் பெயர் போட்டுப் பட்டியலில் வைத்துவிட்டார்கள். பெட்டி மாற்ற அங்கே நின்றால் நின்றதாகவே கணக்கில்லை.

கார்பன் குறையுமா என்றால், சர்சார்ஜ் தானாக எதையும் குறைக்காது. கப்பல் நடத்துபவனுக்கு எண்ணெய் விலை டன்னுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஏறின மாதிரி உறைக்கும், அவ்வளவுதான். உறைத்ததும் அவன் என்ன செய்வான் என்பதுதான் விஷயம்.

வரிப்புலி:

அவன் என்ன செய்வான், நம்மிடம் வசூல் செய்வான், அதைத்தான் செய்துவிட்டானே. ஐரோப்பாக்காரன் இருநூறு வருடம் நிலக்கரியை எரித்துப் பணக்காரன் ஆனான், இப்போது திருப்பூர் பெட்டிக்கு மொய் கேட்கிறான். பணம் போவது அவன் கஜானாவுக்கு. இந்தச் சீட்டு ஏலத்தில் வரும் காசில் ஒரு ரூபாயாவது தூத்துக்குடிக்கோ கொழும்புக்கோ வருமா? கப்பல் மொத்தமும் சேர்ந்து விடும் புகை உலகக் கணக்கில் மூன்று சதவீதம்கூட இல்லை. மீதி 97ஐ விட்டுவிட்டு இருப்பதிலேயே சிக்கனமான வண்டியைப் பிடித்து நிறுத்தி ஃபைன் போடுவது எந்த ஊர் நியாயம்?

எஞ்சின்ரூம் எலி:

தூத்துக்குடிக்காரன், பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்) செகண்ட் எஞ்சினியர், இப்போது லீவில் வீட்டில். வரிப்புலி சொன்ன மூன்று சதவீதத்தில் ஆரம்பிக்கிறேன். ஐ.எம்.ஓ. (ஐ.நா.வின் கப்பல் அமைப்பு) 2020இல் விட்ட ஆய்வில் 2018ஆம் வருடக் கணக்கு 107 கோடி டன் சொச்சம், 2.89 சதவீதம். சதவீதமாகச் சொன்னால் சின்னதாகத் தெரியும். கப்பலை எல்லாம் சேர்த்து ஒரு நாடு என்று வைத்தால் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் வந்து உட்காரும். டன்னுக்கு, கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் கப்பலை மிஞ்ச ஆள் இல்லை என்பதும் உண்மைதான். பெரிய பெட்டிக் கப்பல் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் இழுக்கப் பத்து கிராம் மாதிரி விடும், விமானம் 500 கிராமுக்கு மேல்.

நாங்கள் எரிப்பது என்ன என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஹெவி ஆயில் என்பது சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் அடிவண்டல். சில்லென்று இருக்கும்போது ரோட்டுத் தார் மாதிரி இருக்கும், பம்ப் இழுக்காது. டேங்கிலேயே நீராவிக் குழாய் விட்டு இளக்கி, பியூரிஃபயரில் 98 டிகிரியில் சுற்றவிட்டுச் சேறும் தண்ணீரும் பிரித்து, எஞ்சினுக்குள் விடும் முன் இன்னும் சூடேற்றி, அப்புறம்தான் அது எரியும். அந்தச் சேற்றைக் கையால் அள்ளிய யாருக்கும் ஒரு வாரம் நகக்கண் வெளுக்காது. 2020 ஜனவரி முதல் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கியது. அது மூச்சுக்கு நல்லது, கார்பனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, குறைக்க என்ன வழி? எல்லோரும் மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று ஆரம்பிப்பார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று: மெதுவாகப் போ. எஞ்சினுக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். 20 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடும் கப்பலை 18க்கு இறக்கினால் நாளைக்கு 27 சதவீத எண்ணெய் மிச்சம். பயணம் கொஞ்சம் நீளும், அதைக் கழித்தாலும் மொத்த ஓட்டத்தில் 19 சதவீதம். ஒரு நட்டு கூட மாற்ற வேண்டாம், கேப்டன் நின்று ஓட்டும் பிரிட்ஜிலிருந்து ஒரு போன் போதும். 2006இல் வந்த எம்மா மெர்ஸ்க் மாதிரிக் கப்பல்களை 25 நாட் ஓடக் கட்டினார்கள், எஞ்சின் மட்டும் 80 மெகாவாட். 2008 நெருக்கடியில் சரக்கும் இல்லை, எண்ணெயும் விலை என்று ஆனதும் அதே கப்பல்கள் 18, 16 என்று இறங்கின. அன்றைக்கு இறக்கியது பூமி மேல் இருந்த பாசம் இல்லை, பில்.

மெதுவாக ஓட்டினால் எங்களுக்குத் தலைவலி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய எஞ்சினைக் குறைந்த லோடில் நாள்கணக்கில் ஓட்டினால் டர்போவில் காற்று போதாது, ஆக்ஸிலரி புளோயர் ஓடிக்கொண்டே இருக்கும், எரியாத கரி பிஸ்டன் தலையிலும் ஸ்காவெஞ்சிலும் (சிலிண்டருக்குக் காற்று போகும் அறை) அப்பும். அதைச் சுரண்ட உள்ளே நுழைகிறவன் நான்தான். இருந்தாலும் செய்யலாம், செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

அடுத்தது அடிப்பாகம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மாதம் சும்மா நின்றால் கப்பலின் வயிறெல்லாம் பாசியும் சிப்பியும் பிடித்துவிடும். அதோடு ஓட்டினால் அதே வேகத்துக்கு நாளைக்கு நாலைந்து டன் கூடப் போவதைத் தினமும் மதியம் அனுப்பும் நூன் ரிப்போர்ட்டிலேயே பார்த்திருக்கிறேன். டைவர்களை விட்டு புரொப்பல்லரை மட்டும் பாலிஷ் போட்டாலே மறுநாள் கணக்கு மாறும்.

வயிறு எரிவது எதற்கென்றால், போன கான்ட்ராக்டில் ஒரு நிலக்கரி துறைமுகத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். பதினான்கு நாள் முழு வேகம், "சீக்கிரம், சீக்கிரம்" என்று தினம் மெயில். போய்ச் சேர்ந்தால் வெளியே ஆங்கரேஜில் எங்களுக்கு முன்னால் முப்பது கப்பல். ஒன்பது நாள் நங்கூரம் போட்டு நின்றோம், ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒன்பது நாளைக் கடலிலேயே கரைத்து ஆற அமர வந்திருந்தால் எண்ணெயில் பாதிக்கு மேல் மிச்சம் ஆகியிருக்கும். கேப்டனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சமையல்காரருக்கும் தெரியும். யாருக்கு மெயில் போடுவது? இதற்குப் பதில் நங்கூரம் சார்தான் சொல்ல வேண்டும், அந்த மெயில் வருவது அவர் மாதிரி ஆட்களிடமிருந்து.

நங்கூரம்:

அண்ணாச்சி நேராக என் சட்டையைப் பிடித்துவிட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்த மெயிலை நானும் போட்டிருக்கிறேன்.

ஒரு பயணத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் "தாமதமின்றிச் செல்ல வேண்டும்" என்று ஒரு நிபந்தனை காலங்காலமாக இருக்கிறது, பாய்மரக் காலத்து வாசகம். கேப்டன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினால் ஒப்பந்த மீறல், வழக்குப் போடலாம். துறைமுகத்துக்கு வந்ததும் கேப்டன் 'தயார்' என்று ஒரு நோட்டீஸ் கொடுப்பார், அதைத்தான் என்.ஓ.ஆர். என்கிறோம். அந்த நேரத்திலிருந்துதான் மீட்டர் ஓடும். குறித்த நாளுக்கு மேல் கப்பல் நின்றால் சரக்குக்காரன் கப்பல்காரனுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் கட்ட வேண்டும். இப்போது நீங்களே சொல்லுங்கள், கப்பல் முதலாளிக்கு எது லாபம்? ஓடிப்போய் வரிசையில் நிற்பதுதான். நிற்கிற ஒவ்வொரு நாளும் காசு. வரிசையும் முதலில் வந்தவனுக்கு முதல் இடம் என்றால் மெதுவாக வருகிறவன் முட்டாள்.

டைம் சார்ட்டரில் (பயணத்துக்கு இல்லாமல் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது) கூத்து வேறு மாதிரி. கப்பலைக் கட்டுவது, பெயின்ட் அடிப்பது முதலாளி, எண்ணெய்க் காசு வாடகைக்கு எடுத்தவன் தலையில். நல்ல பெயின்ட் அடித்தால் மிச்சம் யாருக்கு? பக்கத்து இலைக்குப் பாயசம். வாடகை வீட்டில் யார் சோலார் பேனல் போடுவார்கள், அந்த மாதிரி.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகம் இதில் பெரிய பாடம். 2007 ஜூனில் புயல் எச்சரிக்கை வந்தபோது நிலக்கரிக்காக வெளியே நின்றவை 56 கப்பல். பாஷா பல்க்கர் என்ற கப்பல் காற்றில் தள்ளிக்கொண்டு வந்து ஊர் பீச்சிலேயே தரை தட்டி நின்றது, ஊரே வேடிக்கை பார்த்தது. அதன் பிறகு, நேரில் வந்து நிற்காமலே முறை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அங்கே மாறினார்கள். எங்கள் பக்கத்தில் 'விர்ச்சுவல் அரைவல்' என்று ஒரு ஷரத்து இருக்கிறது: இன்ன தேதிக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம், நீ மெதுவாக வா, மிச்ச எண்ணெயைப் பங்கு போடலாம். நல்ல ஷரத்து. போட இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும், துறைமுகமும் ஒத்துவர வேண்டும், சரக்கு நடுக்கடலில் கை மாறினால் புது ஆளும் சம்மதிக்க வேண்டும். பத்துத் தடவை கேட்டால் ஒன்றிரண்டு தடவை நடக்கிறது.

ஐ.எம்.ஓ.வும் 2023 முதல் கப்பலுக்கு ஏ முதல் இ வரை மார்க் போடுகிறது. ஓடிய தூரத்தால் வகுப்பதால், அண்ணாச்சி மாதிரி ஒன்பது நாள் சும்மா நின்றால் மார்க் இறங்கும், காரணமே இல்லாமல் கடலில் வட்டமடித்தால் ஏறும்! இ வாங்கினாலும் தண்டனை ஒன்றும் பெரிதாக இல்லை, திருந்துவேன் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பின்னலூர்க்காரன் குழம்ப வேண்டாம், பெட்டிக் கப்பலுக்கு நேர அட்டவணை உண்டு, இவ்வளவு மோசம் இல்லை. இந்தக் கூத்து அதிகம் நிலக்கரி, தாது, தானியம், எண்ணெயில்.

கொதிகலன்:

கெமிக்கல் எஞ்சினியர், கப்பலில் கால் வைத்ததில்லை, எரிபொருள் மட்டும் தெரியும். வேகத்தைக் குறைத்து 20, 30 சதவீதம் வரலாம். ஐ.எம்.ஓ. 2023 ஜூலையில் எல்லா நாடும் சேர்ந்து ஒப்புக்கொண்டது 2050 வாக்கில் நிகர பூஜ்யம், நடுவில் 2008ஐவிட 2030க்குள் குறைந்தது 20 சதவீதம், 2040க்குள் 70. எழுபதுக்கு எண்ணெயை மாற்றாமல் முடியாது. அங்கேதான் இடிக்கிறது.

எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை வாயு) போட்டால் புகைபோக்கியில் கரியமில வாயு கால்வாசி மாதிரி குறையும். ஆனால் எரியாத மீத்தேன் கொஞ்சம் எஞ்சின் வழியாகத் தப்பி வெளியே போகும், இருபது வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடேற்றும். தப்புவது சில சதவீதம் ஆனாலே கிடைத்த லாபம் காலி.

மெத்தனால் கையாளச் சுலபம், சாதாரண வெப்பத்தில் திரவம். 2023இல் லாரா மெர்ஸ்க் என்ற 2,100 பெட்டிக் கப்பல் கொரியாவின் உல்சானிலிருந்து கோபன்ஹேகன் வரை மெத்தனாலில் ஓடி வந்தது, அடுத்த வருடமே 16,000 பெட்டிக் கப்பலும் வந்தது. இரண்டு வகை எரிபொருளிலும் ஓடும் எஞ்சின், மெத்தனால் கிடைக்காத நாளில் அதே பழைய எண்ணெய். கிடைக்குமா என்பதுதான் கேள்வி. இன்று உலகில் தயாராகும் மெத்தனால் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. அதைக் கப்பலில் எரித்தால் மொத்தக் கணக்கில் எண்ணெயைவிட மோசம். தாவரக் கழிவிலிருந்தோ, காற்றாலை மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜனிலிருந்தோ செய்தால்தான் அது பசுமை, அது எண்ணெயைவிடப் பல மடங்கு விலை. அப்புறம் ஒரு கிலோவில் இருக்கும் சக்தி எண்ணெயில் பாதி.

எலி அண்ணாச்சி ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை தொடங்கினார்கள், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜுக்கும். கூடவே 750 கன மீட்டர் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கு அடிக்கல். நல்ல ஆரம்பம், குறை சொல்லவில்லை. ஆனால் 750 கன மீட்டர் என்பது 600 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே நங்கூரம் சொன்ன கப்பல் நாளைக்கு 100 டன் எண்ணெய் குடித்தால் மெத்தனாலில் 200 டன் குடிக்கும். மூன்று நாளில் டேங்க் காலி.

அம்மோனியாவில் கார்பனே இல்லை, அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. எரியும்போது நைட்ரஸ் ஆக்சைடு கசிந்தால் அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு. உரத் தொழிற்சாலையில் கசிந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடலாம், கப்பலில் எங்கே ஓடுவது? அண்ணாச்சி, நீங்கள் அம்மோனியாக் கப்பலில் போவீர்களா?

எஞ்சின்ரூம் எலி:

சம்பளத்தைப் பொறுத்தது! நிஜமாகச் சொன்னால் பயம்தான். வீட்டில் சொல்லாமல் போவேன்.

காற்றை விட்டுவிட்டீர்களே. எங்கள் தாத்தா காலத்தில் தூத்துக்குடித் தோணி பாய் கட்டித்தான் கொழும்புக்குப் போனது, இப்போது தோணியிலும் டீசல் எஞ்சின். இன்னொரு பக்கம் 2023இல் பிக்ஸிஸ் ஓஷன் என்ற பல்க் கேரியரில் 37.5 மீட்டர் உயரத்துக்கு விமான இறக்கை மாதிரி இரண்டு பாய் நட்டு ஓட்டினார்கள், ஆறு மாத சராசரியில் நாளைக்கு மூன்று டன் எண்ணெய் மிச்சம். சுழலும் உருளையை வைத்துக் காற்றில் ஓட்டும் வித்தையை ஃபிளெட்னர் என்ற ஜெர்மன்காரர் 1924இலேயே புக்காவ் என்ற கப்பலில் காட்டிவிட்டார். எண்ணெய் மலிவாக இருந்ததால் தூக்கிப் போட்டார்கள். பெட்டிக் கப்பலில் மேலே இடம் இல்லை, எங்கள் மாதிரிக் கப்பலில் இடம் இருக்கிறது. மூன்று டன் சின்னதுதான், ஆனால் யாரிடமும் விலை கேட்க வேண்டாம்.

வரிப்புலி:

வேகம், ஷரத்து, பாய் எல்லாம் சரி. என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஐரோப்பா தனியாக வசூல் பண்ணித் தானே வைத்துக்கொள்வதற்குப் பதில் உலகத்துக்கே ஒரே விதி போட்டு, வரும் காசை ஏழை நாடுகளுக்கும் பிரிக்க வேண்டியதுதானே? ஐ.எம்.ஓ. எதற்கு இருக்கிறது?

நங்கூரம்:

அதைத்தான் போட வந்தார்கள். கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்திலேயே கப்பல் பிரச்சினையை ஐ.எம்.ஓ. பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள், அது 1997. ஒருவழியாக 2025 ஏப்ரலில் லண்டனில் ஒரு திட்டத்துக்கு 63 நாடுகள் ஆதரவு, 16 எதிர்ப்பு. எரிபொருளின் கார்பன் அளவுக்கு வருடா வருடம் இறங்கும் இரண்டு கோடு, முதலாவது தளர்வு, இரண்டாவது கறார். முதல் கோட்டைத் தொடாத கப்பல் டன்னுக்கு 380 டாலர், அதைத் தாண்டி இரண்டாவதைத் தொடாதது 100 டாலர் கட்ட வேண்டும். வசூல் ஒரு பொது நிதிக்குப் போகும், பசுமை எரிபொருள் போடுகிறவனுக்கும் வளரும் நாடுகளுக்கும் அதிலிருந்து. நீங்கள் கேட்ட அதே ஏற்பாடுதான், வரிப்புலி. பசிபிக் தீவு நாடுகள் இதுவே போதாது, ஒவ்வொரு டன்னுக்கும் வரி வேண்டும் என்று ஓட்டுப் போடாமல் இருந்தன. கடல் ஏறினால் முதலில் மூழ்குவது அவர்கள் ஊர். அதில் மார்ஷல் தீவுகள் உலகின் மிகப் பெரிய கப்பல் கொடிகளில் (கப்பலைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளும் நாடுகளில்) ஒன்று என்பது தனி வேடிக்கை, கொடி விற்கும் ஆபீஸ் இருப்பது அமெரிக்காவில்.

அக்டோபரில் இறுதியாக நிறைவேற்றக் கூடினார்கள். ஆதரிக்கும் நாடுகளுக்கு விசாத் தடை, துறைமுகக் கட்டணம் என்று அமெரிக்கா வெளிப்படையாகவே மிரட்டியது. சவுதி அரேபியா ஒரு வருடம் தள்ளிவைக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, 57க்கு 49 என்று நிறைவேறிவிட்டது. அந்த வாரம் எங்கள் ஆபீஸில் பசுமை மெத்தனாலுக்கு நீண்டகால ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் ஃபைலை மூடி வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இன்று பல மடங்கு விலை கொடுத்து வாங்கினால் பக்கத்துக் கப்பல்காரன் மலிவு எண்ணெயில் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எல்லோருக்கும் ஒரே விலை வந்தால்தான் மெதுவாகப் போகும் ஷரத்தில் கையெழுத்தும் விழும், மெத்தனால் ஆலையும் எழும். அதுவரை ஐரோப்பாவின் அரைகுறை விலைதான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் என் மேஜையில் இந்தப் பேச்சே வராது, அதையும் சொல்ல வேண்டும்.

பின்னலூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டுக் காலையில் முதலாளியிடம் கணக்கோடு போனேன். பெட்டியில் 30,000 பீஸ், 60 யூரோவை வகுத்தால் பீஸுக்கு 20 பைசா மாதிரி. "வாஷ்கேர் லேபிள் காசுகூட இல்லையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பேச்சு" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எலி அண்ணாச்சி சொன்ன பத்து கிராம், 500 கிராம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. போன சீசனில் டையிங் லேட் ஆகி, டெலிவரி தேதி தப்பக்கூடாது என்று இரண்டு டன் சரக்கை விமானத்தில் அனுப்பினோம். 8,000 கிலோமீட்டர் என்று போட்டேன், எட்டு டன் கார்பன் வருகிறது. கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி 20,000 கிலோமீட்டர் போனாலும், ஏழு டன் சரக்கு இருக்கும் முழு நாற்பதடிப் பெட்டிக்கு ஒன்றரை டன்கூட வரவில்லை. அஞ்சு பெட்டிக்கு மேல் கப்பலில் அனுப்பும் புகையை இரண்டு டன்னில் விட்டிருக்கிறோம். கணக்கு சரியா? பழைய ஏர்வே பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் எமிஷன் சர்சார்ஜ் என்று ஒரு வரியும் இல்லை, அது எப்படி?

முதலாளியிடம் இதையும் காட்டினேன். கார்பன் எண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்தில் எழுதியிருந்த விமான வாடகையைப் பார்த்தார். உடனே டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டுவிட்டார், அரை மணி நேரம் சத்தம்.

நங்கூரம்:

கணக்கு சரிதான். ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானத்துக்குத்தான் இ.டி.எஸ்., இந்தியாவிலிருந்து வருவதற்கு இப்போதைக்கு இல்லை. அதனால்தான் அந்தப் பில்லில் வரி இல்லை.